மூன்று கழுத்து, ஒரே சிப்

வளைகுடாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களுக்காக ஒரு மலர் கொண்டுவருகிறோம், நீங்களும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டவர் திருநெல்வேலிப் பெண். ஷார்ஜாவில் என்னோடு ஒன்றரை வருடம் வேலை பார்த்த டாக்டர். "ஒட்டகக் கதை வேண்டாம் சார், அத நிறைய பேர் எழுதிட்டாங்க" என்று முன்கூட்டியே வாசலை அடைத்துவிட்டார். எந்தக் கதையை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன்போல இரண்டு மாதம் இழுத்தடித்தேன்.

இருபத்து நான்கு வருடம் அந்த மண்ணில் இருந்தேன். ஒட்டகம், வல்லூறு, குதிரை, பணக்கார வீட்டுப் பூனை எல்லாம் என் கையில் பிழைத்திருக்கின்றன. அதையெல்லாம் எடுத்துவிட்டால் உங்களை நன்றாகவே அசத்தலாம். எனக்குத் தற்பெருமை குறைவு என்று என் மனைவிகூடச் சொல்லமாட்டாள். ஆனாலும் இங்கே எழுதப்போவது நான் வெட்கப்படும் விஷயம். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் கிளினிக்கின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு விலங்கு வந்தால் ஒரு படிவம் நிரப்புவோம். இனம், வயது, எடை, எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நான் சேர்ந்த முதல் வாரம், கடைசிக் கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு பூனைக்காரரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மூத்த டாக்டர் என் தோளுக்குப் பின்னாலிருந்து கை நீட்டி, பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டு விளக்கினார். நாம் உடம்பைப் பார்க்கிறவர்கள், பூர்வீகம் பார்க்கிறவர்கள் இல்லை. கேள்வி கேட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் சாகப்போவது வாயில்லா ஜீவன்தான் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. நல்ல கைராசிக்காரர். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம் கோடு போட்டேன்.

ஷார்ஜாவிலிருந்து உள்ளே தள்ளி, தைத் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தோட்டம் உண்டு. ஈச்சமரங்கள், ஆட்டுப்பட்டி, பத்துப் பதினைந்து ஒட்டகம். மாதத்துக்கு இரண்டு முறை நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே விலங்குகளைக் கவனித்தவர் முனியசாமி. கமுதிப் பக்கத்துக்காரர். ஊரில் ஆடு வைத்திருந்தவர், இங்கேயும் ஆட்டோடுதான் பிழைப்பு. அப்போது அவரை நான் "நீ" என்றுதான் கூப்பிடுவேன். வயதில் ஏழெட்டு வருடம்தான் இளையவர். அவர் என்னை "டாக்டரய்யா" என்பார். எழுத உட்கார்ந்தபோது 'அவர்' என்று தானாக வந்தது. இந்த மரியாதையை அன்றைக்கே கொடுத்திருக்கலாம்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு முனியசாமியும் தோட்டத்து மேனேஜரும் ஒரு அட்டைப்பெட்டியோடு கிளினிக்குக்கு வந்தார்கள். உள்ளே கீச்கீச்சென்று சத்தம். வல்லூறுக் குஞ்சு என்று நினைத்து, பறவை மேசையைத் துடைக்கச் சொன்னேன். பெட்டியைத் திறந்தால் சிவிங்கிப்புலிக் குட்டி.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவிங்கிப்புலி வேறு, சிறுத்தை வேறு. சீட்டா என்று நாம் டிவியில் பார்த்து வாய் பிளக்கும் ஓட்டக்காரன் இதுதான். கண்ணிலிருந்து வாய்வரை அழுத தடம்போலக் கறுப்புக் கோடு இருக்கும். இதற்குக் கர்ஜிக்கத் தெரியாது. குட்டி தாயைக் கூப்பிடும்போது குருவிபோலக் கத்தும். பெட்டிக்குள் அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது அம்மாவை.

மூன்று மாதம் இருக்கும். முன்னங்கால்கள் இரண்டும் வளைந்திருந்தன. என்ன கொடுக்கிறாய் என்று கேட்டால், கோழி நெஞ்சுக்கறி மட்டும், எலும்பில்லாமல் என்றார் முனியசாமி. முதலாளி வீட்டில் அப்படித்தான் கொடுக்கச் சொன்னார்களாம். சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளைந்திருந்தது. நான் முனியசாமியைப் போட்டுத் திட்டினேன். மேனேஜரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவனியுங்கள், என் குணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பின்னங்காலில் கயிறு இறுக்கிய புண் இருந்தது. காதுக்குள் உண்ணி. மேனேஜர் நீட்டிய காகிதத்தில், வெளிநாட்டு விலங்குப் பண்ணையில் பிறந்த குட்டி என்று போட்டிருந்தது. பண்ணையில் பிறந்த குட்டியின் காலை யார் கயிற்றால் கட்டப்போகிறார்கள்? எனக்குத் தெரியும். படிவத்தில் "சிறு காயம்" என்று எழுதினேன். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் கோடு போட்டேன். கழுத்துத் தோலுக்கடியில் அடையாளச் சிப் ஒன்றை ஊசியால் செலுத்தினேன். ஒரு அரிசி மணி அளவுதான் இருக்கும். கருவியைக் கழுத்தருகே கொண்டுபோனால் எண் தெரியும். அந்த எண்ணோடு அந்தக் காகிதத்தைச் சேர்த்துக் கணினியில் ஏற்றினேன். திருட்டுக் குட்டிக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் ஆயிற்று.

குட்டி பிழைத்துக்கொண்டது. அடுத்த முறை தோட்டத்துக்கு என் மகளையும் அழைத்துப்போனேன். அவள் மடியில் குட்டியை வைத்து நான் எடுத்த படம் ரோலா பகுதியில் நாங்கள் குடியிருந்த பில்டிங் முழுக்கச் சுற்றியது. சேலத்தில் என் தம்பி அதை ஊருக்கே அனுப்பினான். எத்தனை பேர் எவ்வளவு அழகு என்று எழுதினார்கள். அப்படி ஆசையோடு பார்க்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்கு வசதி இருந்தால் போதும், அடுத்த பெட்டி கப்பலேறும். இது எனக்கு அன்று உறைக்கவில்லை. வந்த பாராட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட விலங்குகளைத் தனியார் இஷ்டத்துக்கு வைத்திருக்கக் கூடாது. அந்தத் தோட்டத்துக்கு எப்படியோ அனுமதி கிடைத்திருந்தது. ஒரே ஒரு விலங்குக்கு, அந்தச் சிப் எண்ணைப் போட்டு. வருடத்துக்கு ஒரு தடவை நான் பார்த்து, இன்ன எண்ணுள்ள விலங்கு நலமாக இருக்கிறது என்று கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றரை வயதில் அது செத்துப்போயிற்று. சிறுநீரகம். ஓடுவதற்காகவே பிறந்த உடம்பைப் பத்தடிக் கூண்டில் வைத்தால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். ஆவணி மாதத்து மத்தியானம் மேனேஜர் வந்தார். முனியசாமி ஒரு கையால் தள்ளுவண்டியைத் தள்ளி வந்தார், அதில் மீன் வைக்கிற பெரிய ஐஸ் பெட்டி. இன்னொரு கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று கீச்சிட்டது.

மேனேஜர் நல்ல இந்தியில் பணிவாகத்தான் பேசினார். பத்து நிமிட வேலை, டாக்டர் சாப். இதிலிருந்து சிப்பை எடுத்து அதில் வைத்துவிட்டால் போதும். செத்துவிட்டது என்று எழுதினால் அனுமதி போய்விடும், இந்தப் புதுக்குட்டிக்குத் தடுப்பூசிகூடப் போட முடியாது, அப்புறம் இதுவும் சாகும் என்றார். எங்கள் மூத்த டாக்டர் சொன்னது மேனேஜர் வாயிலிருந்து வந்தது. நான் தலையாட்டினேன்.

ஐஸ் பெட்டியில் கிடந்ததன் கழுத்தைக் கீறி, இடுக்கியால் சிப்பை எடுத்தேன். கழுவினேன். மறுபடி ஊசியில் வைத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும், ஆனால் அது பொய். துண்டில் சுற்றிய குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முனியசாமி. மேனேஜர் போன் பேச வெளியே போயிருந்தார், நான் செய்ததை முழுதாகப் பார்த்தவர் முனியசாமி ஒருவர்தான். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார், செத்ததை நான் எடுத்துக்கொண்டு போய்ப் புதைக்கட்டுமா என்று.

அடுத்த குட்டி பதினாலு மாதம் இருந்தது. மூன்றாவது வந்தபோது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் இடுக்கித் தட்டை நானே எடுத்து வைத்தேன். நண்பர்களே, தப்பு பழகிவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான். முதல் தடவை காரணம் தேடினேன், இரண்டாம் தடவை தட்டைத் தேடினேன்.

மூன்றாவது வந்த பிறகு ஒருநாள் தோட்டத்துக் கொட்டகையில் நானும் முனியசாமியும் தனியாக இருந்தோம். வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். குட்டி அவர் காலடியில் கிடந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. இதுவும் பழையது மாதிரியே இருக்கிறது என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

"இல்லைங்கய்யா. மொதல்ல உள்ளதுக்கு வாலுல அஞ்சு வளையம். ரெண்டாவதுக்கு நாலு. இதுக்கு நுனிக்கு முந்தின வளையம் பாதியிலயே நின்னுபோயிருக்கும், பாருங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை. ஆமாம் ஆமாம் என்றேன்.

லாரி ஓட்டி வரும் சோமாலியாக்காரர் ஒருவர் அவரோடு பழக்கம். அவர் சொன்னதை முனியசாமி எனக்குச் சொன்னார். அந்தப் பக்கம் மழை பொய்த்துப் புல் இல்லை. மான்கள் குறைந்துவிட்டன. மேய்ச்சல் நிலமெல்லாம் வேலி. சிவிங்கி பசிக்கு ஆட்டைத் தூக்குகிறது. ஆட்டுக்காரர்கள் ஆத்திரத்தில் அதன் தடம் பிடித்துப் போவார்கள். தாய் வேட்டைக்குப் போயிருக்கும் நேரம், புதரில் ஒளித்து வைத்த குட்டிகளைச் சாக்கில் அள்ளிக்கொள்வார்கள். தாய் இருந்தால் அதைக் கொன்றுவிட்டு அள்ளுவார்கள். பிறகு படகு, ஏமன், அங்கிருந்து வண்டி. சாக்கில் ஐந்து ஏற்றினால் ஒன்றோ இரண்டோதான் உயிரோடு இறங்கும் என்றாராம் அந்த டிரைவர்.

நான் அந்த ஆட்டுக்காரர்களைக் கண்டபடி பேசினேன். முனியசாமி சேர்ந்துகொள்ளவில்லை. "ஆடு போச்சுன்னா வயிறு எரியத்தாங்கய்யா செய்யும். கைக்கு வந்த குட்டிய வாங்க ஆளு இல்லைன்னா, அவன் ஏன் சாக்கு எடுத்துட்டுப் போறான்?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், குட்டியின் கழுத்தில் சிப் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வேலை ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன்.

மூன்று குட்டி என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததும் சரியான எண்ணிக்கை இல்லை என்பது அன்றுதான் புரிந்தது. படகில் செத்தவை எத்தனையோ. அவற்றுக்குக் கோடு போடக்கூட யாரும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து முதலாளி வீட்டுப் பிள்ளைகள் யாரோ குட்டியோடு விளையாடும் வீடியோ ஒன்று வெளியே போய்விட்டது. அனுமதிக் காகிதத்தின்படி அந்தத் தோட்டத்தில் இருக்க வேண்டியது வளர்ந்த விலங்கு. வீடியோவில் இருந்தது ஐந்து மாதக் குட்டி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு அதிகாரிகள் குட்டியையும் முனியசாமியையும் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் கிளினிக்குக்கு வந்தார்கள்.

கருவியை எடுத்து வந்து எண்ணைப் படித்தவர் நான் முதலில் சொன்ன திருநெல்வேலிப் பெண். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கணினியில் அந்த எண்ணைத் தட்டினார். வயது மூன்று என்று வந்தது. கூடவே என் கையெழுத்தோடு வருடா வருடம் எடுத்த படங்கள். ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு வால். அவர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அதிகாரிகளில் மூத்தவர் மரியாதையான மனிதர். அவசரமில்லை டாக்டர், யோசித்துச் சொல்லுங்கள், இந்தச் சிப் இந்தக் கழுத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டார். எனக்குப் பால் சேர்க்காத சுலைமானி டீ ஒன்று வரவழைத்தார். மிரட்டியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. யோசிக்க நேரம் கொடுத்ததில்தான் கெட்டுப்போனேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, ஆறு வாரத்தில் பரீட்சை. லைசென்ஸ் போனால் விசா போகும், விசா போனால் வீடு. எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. ஆவணி மாதத்தில் இடுக்கி எடுத்தபோது இதில் ஒன்றாவது ஞாபகம் வந்திருக்கலாம்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு நான் சொன்னது இவ்வளவுதான்: "குட்டி எப்போதும் இருப்பது பராமரிக்கிறவர் கையில். இடையில் என்ன நடந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பல வருடம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அறையில் இருந்த அத்தனை பேரின் கண்களும் முனியசாமி பக்கம் திரும்பின. மேனேஜர் சட்டென்று பிடித்துக்கொண்டார், இந்த ஆள்தான் எல்லாம் பார்ப்பது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று.

அதிகாரி முனியசாமியிடம் இந்தியில் கேட்டார். யார் மாற்றியது? முனியசாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகு மேசைமேல் கிடந்த குட்டியைப் பார்த்தார்.

"மாலும் நஹி, சாப்."

மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் தெரியாது என்பதே பதில். கலாஸ், விஷயம் முடிந்தது.

அவர்கள் காகிதம் எழுதிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் ஒரு நிமிடம் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"நீங்க இருந்தா அதுக்கு மருந்து கெடைக்கும்ங்கய்யா. நான் இருந்து என்ன பண்ண? எலும்போட குடுக்கச் சொல்லுங்க. நெஞ்சுக்கறி மட்டும் குடுத்தா மறுபடி கால் வளைஞ்சிரும்."

குட்டியை ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்து அனுமதி ரத்து. முனியசாமிக்கு விசா எடுத்துக் கொடுத்திருந்த கஃபீல் அதைக் கேன்சல் செய்து, மறுபடி வர முடியாதபடி ஊருக்கு அனுப்பினார். பதினோரு வருடம் அந்த மண்ணில் இருந்தவர் ஒரு ரெக்சின் பையோடு போனார். வழியனுப்ப நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கு டியூட்டி இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்கமாட்டேன். எனக்கு, பதிவேடுகளைக் கவனக்குறைவாகப் பராமரித்ததாக ஒரு எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதம் அநியாயம் என்று வீட்டில் இரண்டு நாள் புலம்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ஒரு கிளி வந்தது. திருநெல்வேலிப் பெண் படிவம் நிரப்பினார். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில், "கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்" என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் கூப்பிட்டு, இங்கே கோடு போடுவதுதான் வழக்கம் என்றேன்.

"எனக்குக் கோடு நேரா வராது சார்" என்றார்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அதன்பிறகு நான் அங்கே இருந்தவரை அவர் அப்படியேதான் எழுதினார். சிலர் வேறு கிளினிக்குக்குப் போனார்கள். மூத்த டாக்டர் சொன்னதுபோல எல்லாரும் போய்விடவில்லை. இருபது வருடத்தில் இதை ஒரு தடவைகூட நான் சோதித்துப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஓய்வு பெற்று சேலம் வந்து சேர்ந்த பிறகு முனியசாமியைப் பார்க்கப் போனேன். அவருடைய பழைய ரூம்காரர்களிடம் விசாரித்து முகவரி வாங்கினேன். கிளம்பும் முன், காப்பகத்தில் தெரிந்த ஒருவருக்குச் செய்தி அனுப்பி, அந்தக் குட்டி இப்போது எப்படி இருக்கிறது, ஒரு வீடியோ கிடைக்குமா என்று கேட்டேன். மறுநாளே வந்தது. புல்தரையில் ஒரு சிவிங்கிப்புலி ஓடுகிறது. நாலு காலும் தரையில் படாத அந்த ஓட்டம். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்தது எப்படியோ, உயிர் ஒன்று பிழைத்துவிட்டது என்று மனசு லேசாயிற்று.

உண்மையைச் சொன்னால், மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் கிளம்பினேன். கையில் வீடியோ வந்ததும், அதைக் காட்டிவிட்டால் கேட்க வேண்டியிருக்காது என்று தோன்றிவிட்டது.

கமுதியிலிருந்து உள்ளே ஆறேழு கிலோமீட்டர். முனியசாமி என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவிக்கு நான் யாரென்று அறிமுகப்படுத்தியபோது, அங்கே நமக்கு ஒத்தாசையாக இருந்த டாக்டர் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தேன். பிறகு போனை எடுத்து நீட்டினேன்.

இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் வாலைப் பெரிதாக்கினார்.

"நல்லாத்தான் ஓடுது" என்றார். "ஆனா இது நம்மளது இல்லைங்கய்யா."

நான் ஏதோ உளறினேன், வளர்ந்துவிட்டதால் அப்படித் தெரியும் என்று. வளர்ந்தாலும் வளையம் மாறாதுங்கய்யா என்று அமைதியாகச் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பாதியில் நின்ற வளையம் அதில் இல்லை. ஐந்தும் முழு வளையம்.

அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும் முனியசாமி, உங்களை மாட்டிவிட்டேன் என்றேன். பட்டியில் ஏதோ ஆடு கத்துகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனார். நான் பஸ் ஏறும்வரை கூடவே நின்றார். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவில்லை.

பஸ்ஸில் பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வால்களை எண்ணினேன். ஐந்து, நாலு, பிறகு பாதியில் நின்ற ஒன்று. மூன்று வருடம் கையெழுத்துப் போட்டவன், அன்றைக்குத்தான் முதல் முறையாக எண்ணினேன்.

காப்பகத்துக்காரரை மறுபடி தொடர்புகொண்டேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். நீங்கள் கேட்ட குட்டி வந்த பத்தொன்பதாம் நாளே இறந்துவிட்டது, வரும்போதே உடம்பு தாங்காத நிலையில்தான் இருந்தது, எவ்வளவோ முயன்றோம் என்றார். ஓய்வுபெற்ற மனிதர் ஆசையாகக் கேட்கிறாரே என்றுதான் வேறொன்றின் வீடியோவை அனுப்பினேன், எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கும் டாக்டர் என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதை முனியசாமியிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். இன்னொரு கோடு போடுவதுபோல. மூன்றாம் நாள் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் ஆட்டு மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன.

"வீடியோவுல வேற ஒன்னப் பாத்தப்பவே நெனச்சேங்கய்யா" என்றார். பிறகு கேட்டார்: "அந்தச் சிப்பு? அதோடயே மண்ணுக்குப் போயிருச்சா, இல்ல எடுத்து வேற எதுக்கும் வச்சிட்டாங்களா?"

தெரியாது என்றேன். அவர் எனக்காக மூன்று தடவை சொன்ன அதே வார்த்தைதான். அன்று அப்படிச் சொன்னபோது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு உண்மையிலேயே தெரியாது.